தேய்ந்த எழுத்தும் தேய்த்த எழுத்தும்

முதுமையைக் கண்டால் எழுந்து நிற்பது நம் மரபு. நாடக மேடையில் இளைஞன் ஒருவன் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு கூனி நடந்து வந்தால் கைதட்டிச் சிரிப்பதும் நம் மரபே. மெய்யான நரைக்கும் ஒட்டிய நரைக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் சொல்லித் தராமலே நாம் அறிவோம். அந்த அறிவு எழுத்தின் முன்னால் வந்து நிற்கும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது? இதுவே யான் இம்மலரில் கேட்க விரும்பும் கேள்வி.

கேள்விக்குக் காரணம் ஓர் அழைப்பிதழ். சென்ற ஆண்டு நம் சங்கம் பொங்கல் விழாவுக்கென அச்சிட்ட அழைப்பிதழ் அன்பர் பலரின் இல்லத்தில் இன்னும் இருக்கும். எடுத்துப் பாருங்கள். தலைப்பிலுள்ள எழுத்துகள் தடித்து, ஒடுங்கி, காலை நேரப் பேருந்தில் நெருக்கி நிற்பவர்களைப்போல் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. நடுவே மை பிடிக்காத திட்டுகள். ஓரங்களில் எலி கறித்தாற்போன்ற சிதைவு. சுற்றிலும் தூவிய மைத்துளிகள். பல ஆண்டு வெயிலும் மழையும் தின்ற சுவரொட்டியைப் பெயர்த்து வந்து ஒட்டியதுபோன்ற தோற்றம். இஃது அச்சகத்தாரின் பிழையன்று. கணிப்பொறியில் வேண்டுமென்றே தேடி எடுத்துப் பயன்படுத்திய எழுத்துரு. ‘விண்டேஜ்’ என்று இதற்குப் பெயராம்.

ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் அந்த அழைப்பிதழைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, ‘தமிழ்ப் பணி’ என்றிருந்ததைத் ‘தமிழ்ப் பனி’ என்று படித்தாள். பிழை என்று நான் வாய் திறக்குமுன் அவளே நிமிர்ந்து, “தாத்தா, இதுல எத்தனை சுழின்னு தெரியலையே” என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

செயற்குழுவில் இதை எடுத்துரைத்தேன். இளைஞர்கள் சிரித்தார்கள், பின்னர், “எழுதிக் கொடுங்கள் ஐயா, மலரிலேயே போட்டுவிடுவோம்” என்றார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி கூறி, அதே பெருந்தன்மையோடு பின்வருவனவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தடிப்பும் ஒடுக்கமும் பிறந்த வழி

தடித்து ஒடுங்கிய எழுத்து என்பது குற்றமன்று. அதற்கு மதிப்பான ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களில் வணிகம் பெருகியது. நாடகமும், குதிரை வித்தையும், மருந்து வியாபாரமும் சுவரொட்டியை நம்பி வாழ்ந்தன. தெருவின் மறுகோடியில் நடப்பவன் கண்ணிலும் படவேண்டும். ஆனால் தாளின் அகலமோ ஓர் அளவுக்கு மேல் இல்லை. எழுத்து உயரமாக இருக்கவேண்டும், அகலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், மை நிறையத் தாங்க வேண்டும். இம்மூன்று தேவையும் சேர்ந்து பெற்ற பிள்ளையே அந்த எழுத்து.

அத்துணைப் பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்கமுடியாத எடை, விலையும் மிகுதி. ஆகவே மரத்தை நாடினர். நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் 1827-ஆம் ஆண்டில் மர எழுத்துகளைப் பொறிகொண்டு பெருமளவில் குடையும் முறையைக் கண்டார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் ஒரே மூலப்படிவத்திலிருந்து பல அளவுகளில் எழுத்தை வெட்டும் பொறியை அதனோடு இணைத்தார். அதன்பின் ஒரே எழுத்தை அகலமாகவும், ஒடுக்கமாகவும், மிக ஒடுக்கமாகவும் வெட்டித் தருவது எளிதாயிற்று. மேப்பிள் மரக்கட்டையில் வெட்டிய அவ்வெழுத்துகள் ஊர் ஊராகச் சென்றன. பல்லாண்டு உழைத்தன; கீழே விழுந்தன; ஓரம் உடைந்தன; ஈரத்தில் வீங்கின. உடைந்ததை மாற்ற வசதியற்ற அச்சகங்கள் அவற்றையே வைத்து அடித்தன. இன்று நம் இளைஞர்கள் கணிப்பொறியில் போற்றும் ‘பழைய தோற்றம்’ அந்த வறுமையின் நிழல்.

இங்கு ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். ஒடுக்கத்திற்கு உட்பட்டவை ரோமன் பெரிய எழுத்துகள். அவற்றுள் பல நெட்டுக்குத்தான கோடுகளால் ஆனவை. எச், ஐ, எல், டி ஆகியவற்றை எவ்வளவு நெருக்கினாலும் உருவம் கெடாது. தமிழெழுத்தின் உடலமைப்பு வேறு. நம் எழுத்து பக்கவாட்டில் நடப்பது. சுழித்துச் சுழித்துச் செல்வது. இரண்டு சுழி ‘ன’வையும் மூன்று சுழி ‘ண’வையும் வேறுபடுத்துவது ஒரே ஒரு சுழி. அச்சுழியின் வயிற்றிலுள்ள வெள்ளை இடந்தான் எழுத்தின் உயிர். எழுத்தைத் தடிப்பாக்கினால் கோடு உள்நோக்கி வளர்ந்து வெள்ளையைத் தின்னும்; ஒடுக்கினால் இருபுறச் சுவரும் நெருங்கி மிச்சத்தைத் தின்னும். இரண்டையும் ஒருசேரச் செய்தால் ‘மணம்’ என்பதும் ‘மனம்’ என்பதும் ஒரே கரிய திட்டு.

தமிழெழுத்தைச் சுருக்கவே கூடாது என்கிறேனா? இல்லை. சுருக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். 1713-இல் செர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழெழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. அவற்றைக்கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் கட்டுபடியாகாது என்று கண்டு, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்தை வார்த்து, 1715-இல் நூலை முடித்தனர். சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பார் மேலும் நுண்ணிய எழுத்துகளை உருவாக்கினார். அங்கு அச்சாகி 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதியைப் புரட்டியவர்கள் அறிவார்கள், எழுத்து எறும்பளவாயினும் சுழி திறந்தே இருக்கும். அவர்கள் சுருக்கியது தாளின் செலவை, படிப்பவரின் கண்ணையன்று. இன்று நமக்குத் தாள் பஞ்சமும் இல்லை, அகலப் பஞ்சமும் இல்லை. தேவை போனபின்னும் தேவையின் தழும்பை மட்டும் அணிந்துகொள்வது எதற்கு?

புள்ளியின் வழக்கு

ஒடுக்கத்தைவிடக் கொடியது அந்தச் செயற்கைத் தேய்மானம். ஆங்கிலத்தில் எழுத்தின் மேல் ஒரு துளி மை தெறித்தால் அஃது அழுக்கு, அவ்வளவே. தமிழில் எழுத்தின் மேல் ஒரு துளி தெறித்தால் அஃது இலக்கணம்! உயிர்மெய்யை மெய்யாக்குவது அந்தத் துளிதான். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. ஆயினும் ஓலையில் எழுதியவர்கள், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடுமென அஞ்சிப் புள்ளியைப் பெரும்பாலும் விட்டனர். அதனால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமா? மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்று ஒவ்வோர் ஏட்டின் முன்னும் தவங்கிடந்தார்கள். நெடிலை வேறுபடுத்த வீரமாமுனிவர் எழுத்தின் வடிவையே திருத்த வேண்டியிருந்தது. 1887-இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் ஏற்றியபோது, ஏட்டில் இல்லாத புள்ளிகள் எத்தனையோ அவர்தம் அறிவிலிருந்து வந்து அமர்ந்தவை.

அச்சு நமக்கு அளித்த பெருங்கொடை புள்ளிக்கு ஒரு நிலையான இருக்கை. அந்த இருக்கையைத்தான் இந்த எழுத்துரு ஆட்டுகிறது. வேண்டாத இடத்தில் மைத்துளியைத் தூவி இல்லாத புள்ளியைக் காட்டுகிறது. வேண்டிய இடத்தில் தேய்த்துவிட்டு இருக்கும் புள்ளியை மறைக்கிறது. ‘கல்வி’ என்னும் சொல்லின் புள்ளி உதிர்ந்தால் என்னாகும் என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியவர்கள் அறிவார்கள். பிள்ளைகளின் பரிசளிப்பு விழா அழைப்பிதழில் அப்படி நேராதிருக்கக் கடவது.

அச்சுக்கோப்பவரின் நாணம்

இனிச் சொந்த அனுபவம் ஒன்று. 1974-ஆம் ஆண்டு, நம் சங்கத்து மலருக்கு மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. இந்த வடபுலத்து நகரில் தமிழ் அச்சகம் தேடுவதென்பது அக்காலத்தில் முருங்கைக்கீரை தேடுவது போன்றது. ஒரு சந்தின் உள்ளே, மாடிப்படியின் அடியில், ட்ரெடில் பொறி ஒன்று; எழுத்துப் பெட்டிகள் சில; திருநெல்வேலியிலிருந்து வந்த அச்சுக்கோப்பவர் ஒருவர். உகர ஊகாரம் ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு வடிவம் கொள்வதால் தமிழுக்கு எழுத்து நிறைய வேண்டும். அவரிடமோ மலர் முழுவதையும் கோக்கும் அளவுக்கு எழுத்து இல்லை. எட்டுப் பக்கம் கோப்பார், அச்சடிப்பார், பிறகு அவ்வளவையும் பிரித்து, எழுத்து எழுத்தாகப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த எட்டுப் பக்கத்தைத் தொடங்குவார். ஒரு கட்டுரையில் ‘ழ’ தீர்ந்துபோனதால் இரண்டு நாள் காத்திருந்தோம். தமிழைப் பற்றிய கட்டுரையில் ‘ழ’ தீராமல் வேறென்ன தீரும்!

ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த எழுத்து நெடுநாள் உழைத்தால் முகம் மழுங்கும். மேலே நிற்கும் புள்ளிதான் முதலில் உடையும். மலரை ஒப்படைத்த நாளில் அந்த மனிதர் கைகட்டி நின்று சொன்ன சொல் இன்றும் என் செவியில் இருக்கிறது: “எழுத்து தேஞ்சு போச்சு சார். அடுத்த மலருக்குப் புது எழுத்து வாங்கிருவோம். இந்தத் தடவ மன்னிச்சுக்கிடுங்க.” உடைந்த புள்ளிகளை எல்லாம் ஒவ்வொரு படியிலும் அவர் மையால் கையாலேயே தொட்டு வைத்திருந்தார். ஐந்நூறு படி!

அன்பர்களே, எந்தத் தேய்மானத்திற்காக அம்மனிதர் நாணித் தலைகுனிந்தாரோ, அந்தத் தேய்மானத்தை இன்று நாம் அழகு என்று தேடிப் பிடித்துச் சூடிக்கொள்கிறோம். தொட்டு வைத்த புள்ளிகளை நாம் அழித்துவிட்டு, அதற்கு நயம் என்று பெயரிடுகிறோம். தேய்ந்த எழுத்துக்கு உழைப்பு என்னும் தகுதி உண்டு. தேய்த்த எழுத்துக்கு என்ன தகுதி? மெய்யாகத் தேய்ந்த எழுத்தில் ஒரு ‘க’வைப்போல் இன்னொரு ‘க’ இராது. ஒன்று காதில் உடைந்திருக்கும், ஒன்று காலில். நம் அழைப்பிதழைப் பாருங்கள்: ‘க’ வரும் இடமெல்லாம் அதே கீறல், அதே இடத்தில். அடிபட்ட தழும்பு என்றால் ஊரிலுள்ள எல்லாருக்கும் ஒரே இடத்திலா இருக்கும்?

பொய்ச்சான்று

பழமை வேடமாயினும் ஒழுங்காகப் போட்ட வேடமா என்றால் அதுவும் இல்லை. அந்த அழைப்பிதழ் 1950-ஆம் ஆண்டின் சுவரொட்டியைப் போல் இருக்கவேண்டுமென்பது இளைஞர்களின் விருப்பம். அக்காலத்து அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கையைப்போல் மேலே வளைந்த வடிவில் இருந்தன. ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனியே நில்லாது எழுத்தோடு சுழிந்து ஒட்டியிருந்தது. பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ ஏட்டில் சீர்திருத்த வடிவங்களைக் கைக்கொண்டார். அவர் வழி நின்ற ஏடுகள் தவிர ஏனைய அச்சுலகம் பழைய வடிவிலேயே இயங்கியது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்த பின்னரே புதிய வடிவங்கள் எங்கும் வழக்கிற்கு வந்தன. நம் அழைப்பிதழிலோ, உடலெங்கும் 1950-இன் புழுதி. ‘கலை நிகழ்ச்சி’ என்பதிலுள்ள ‘லை’ மட்டும் 1978-க்குப் பிந்தியது! அரிச்சந்திரன் நாடகத்தில் சுடலை காக்க வந்தவன் கையில் கைக்கடிகாரம் கட்டியிருந்த கதைதான் இது. பழமையை விரும்புவோர் பழமையைக் கற்கவேண்டாமா? கற்காமல் புழுதியை மட்டும் அள்ளிப் பூசிக்கொண்டால் அது பழமை ஆகாது. வெறும் புழுதியே ஆகும்.

எதிர்வழக்கு

மறுதரப்பின் வாதங்களை மறைத்துப் பேசுதல் அறமன்று. “கணிப்பொறி எழுத்தெல்லாம் கழுவித் துடைத்த எவர்சில்வர் பாத்திரம்போல் உயிரற்று இருக்கிறது; மனிதக் கை பட்ட சாயல் வேண்டுமென்றுதான் இதைத் தேர்ந்தோம்” என்றார் ஓர் இளைஞர். அவர் வேட்கையை நான் மதிக்கிறேன். ஊரைப் பாராமல் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தாத்தாவின் ஊர்ச் சுவரில் இருந்த நாடக நோட்டீசை நினைத்து ஏங்குகிறது. அந்த ஏக்கம் மெய். ஆனால் அந்த ஏக்கத்திற்கு நாம் இட்ட உணவு பொய். ஊரில் சுவரெழுத்து எழுதிய ஓவியர்கள் இடம் போதாதபோது எழுத்தை ஒடுக்குவார்கள்; ஒடுக்கும்போது தூரிகையையும் மெலிதாக்கிச் சுழியைத் திறந்தே வைப்பார்கள். கைபட்ட சாயல் வேண்டுமெனின் கைதேர்ந்த ஒருவரைக்கொண்டு தலைப்பை எழுதச் செய்யலாமே! நம் சங்கத்திலேயே கோலம் போடும் தாய்மார்கள் எத்தனை பேர்! சுழிக்கும் புள்ளிக்கும் அவர்களைவிட அறிந்தவர் யார்?

“சுவரொட்டியில் இரண்டே சொல்தானே; அதற்கு இவ்வளவு சட்டமா?” என்றார் இன்னொருவர். ஆறடி உயரச் சுவரொட்டியில் இரண்டு சொல்லென்றால் எனக்கும் மறுப்பில்லை. அவ்வளவில் சுழி மூச்சு விடும். கையளவு அட்டையில், அதுவும் பிள்ளைகளின் கைக்குப் போகும் அட்டையில், கூடாது என்பதே என் வழக்கு. தமிழ்நாட்டில் வாழும் பிள்ளைக்கு ஓர் எழுத்துருவில் ‘ண’ விளங்காவிட்டால் தெருவில் நூறு பெயர்ப்பலகை திருத்திக்கொடுக்கும். இங்குள்ள பிள்ளைக்குத் தெருவெங்கும் இந்தியும் ஆங்கிலமும். அதன் கண்ணில் படும் தமிழ், வகுப்புப் பாடநூலும் சங்கத்தின் அழைப்பிதழும் மட்டுமே. ஆண்டுக்குச் சில தாள்களே தமிழாக வந்து சேரும் வீட்டில், அந்தச் சில தாளையும் படிக்கமுடியாதபடி செய்து அனுப்புவது, பசித்தவனுக்கு அழகிய மண் பழத்தை நீட்டுவது போன்றதன்றோ?

பூட்டிய அலமாரி

இறுதியாக, நெஞ்சைச் சுடும் ஒன்று. அழைப்பிதழைப் பார்த்த சூட்டோடு, அந்த 1974-ஆம் ஆண்டு மலரைத் தேடிச் சங்க நூலகத்திற்குச் சென்றேன். ஒட்டிய தாடியின் அருகே மெய்யான நரையை வைத்துக் காட்டலாமே என்ற எண்ணம். இரும்பு அலமாரியின் திறவுகோல் யாரிடம் என்று தெரியவே இரண்டு வாரம் ஆயிற்று. திறந்தபோது கீழ்த்தட்டு முழுவதும் கரையான் மண். எழுபதுகளின் மலர்களில் எஞ்சியவை நான்கு. அவற்றுள் 1974 இல்லை. கட்டடத்திற்கு வெள்ளையடித்த ஆண்டில் ‘பழைய தாள்’ என்று எடைக்குப் போனவற்றுள் அதுவும் போயிருக்கலாம் என்றார்கள். எவரையும் குறைகூற எனக்கு உரிமையில்லை. அந்த ஆண்டுச் செயற்குழுவில் நானும் இருந்தேன்.

இதுதான் வழக்கின் சாரம். பழமையின் தோற்றத்தைத் தேடி வாங்குகிறோம்; பழமையை எடைக்குப் போடுகிறோம். அந்த அச்சுக்கோப்பவர் கையால் தொட்டு வைத்த ஐந்நூறு படிகளில் ஒன்றேனும் நம்மிடம் இல்லை. அவர் எழுத்தின் தேய்மானத்தை நடிக்கும் அழைப்பிதழ் மட்டும் ஆயிரம் படி இருக்கிறது.

காப்பாற்ற முடியாதென்று எவரும் சொல்ல வேண்டாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் நூல்களோடு நாடக நோட்டீசையும் திருமண அழைப்பையும் சேர்த்துத் திரட்டினார். அவர் 1992-இல் மறைந்தபின் அத்திரட்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாய் நிலைபெற்று, இன்று ஆய்வாளர் பலருக்குச் சுரங்கமாக விளங்குகிறது. தனி ஒருவரால் முடிந்தது, இத்தனை குடும்பங்கள் சேர்ந்த நம் சங்கத்தால் முடியாதா?

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று: சங்கத்தின் பெயரால் பிள்ளைகள் கைக்குப் போகும் எந்தத் தாளிலும், சுழி திறந்து புள்ளி நிலைத்த எழுத்தையே பயன்படுத்துக. இரண்டு: அன்பர்கள் தத்தம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய மலர்களையும் நாடக நோட்டீசுகளையும் சங்கத்திற்கு இரவல் தருக, இளைஞர்கள் தம் கணிப்பொறித் திறமையால் அவற்றைப் படமெடுத்துச் சேமித்து, தாளைப் பத்திரமாகத் திருப்பித் தருக. எழுத்துருவைத் தேடச் செலவிட்ட நேரத்தில் கால்பங்கு இதற்குப் போதும். மூன்று: அவ்வாறு சேர்ந்தபின், பழைய தோற்றம் வேண்டுவோர் அந்த மெய்யான பக்கத்தையே எடுத்து அட்டையில் இடுக. அன்று முதல் ஆளாகக் கைதட்டுபவன் நானாக இருப்பேன்.

எவர் வீட்டிலேனும் 1974-ஆம் ஆண்டு மலர் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அட்டை போயிருந்தாலும் தாழ்வில்லை. கரையான் கடித்திருந்தாலும் தாழ்வில்லை. அந்தச் சிறுமியை அருகில் இருத்தி, மையால் தொட்டு வைத்த புள்ளி ஒன்றை அவளுக்குக் காட்டவேண்டும். எத்தனை சுழி என்று அவளே எண்ணிச் சொல்லட்டும்.